ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், பெங்களூரு வீட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்க முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். பெல்லந்தூரில் ஓர் அபார்ட்மென்டில் மூன்றரை வருடம் வாடகைக்கு இருந்தீர்கள். வாடகை மாதம் 38,000 ரூபாய், அட்வான்ஸ் ஆறு மாத வாடகை, அதாவது 2,28,000. ஓனர் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறார், சேலம் பக்கத்துக்காரர். வீட்டைக் காட்டியதும் கடைசியில் சாவியை வாங்கிக்கொண்டதும் ஜே.பி. நகரில் இருக்கும் அவருடைய மாமனார். முறையாக ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்து நான்கு மாதம் ஆகிறது. பெயின்டிங் 38,000, டீப் கிளீனிங் 12,000, மாடுலர் கிச்சன் சேதம் 65,000, அடுத்த ஆள் வரும்வரை வீடு காலியாகக் கிடந்ததற்கு 25,000, ஆக 1,40,000 கழித்துக்கொண்டு 88,000 தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு பதிலும் இல்லை, அந்த 88,000-மும் இல்லை. "அவர் அமெரிக்காவில் இருக்கும்போது நான் இங்கிருந்து என்னதான் செய்ய முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அவர் கழித்த தொகையில் எது நியாயம் என்பது ஒன்று. அவர் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கிறாரா என்பது இன்னொன்று. பெங்களூரு சிவில் நீதிமன்றங்களில் பல வருடங்களாக வக்கீல் தொழில் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாவது கேள்விதான் பலரையும் பணத்தை விட்டுவிட்டுப் போகவைக்கிறது. ஆனால் அதற்குத்தான் பதில் தெளிவாக இருக்கிறது. ஆள்தான் நியூஜெர்சியில் இருக்கிறார். வீடு பெல்லந்தூரில் இருக்கிறது. ஒப்பந்தம் இங்கே போட்டது, பணம் இங்கே கைமாறியது, சாவி இங்கே திரும்பப் போனது. இப்போது அந்த வீட்டில் குடியிருப்பவர் மாதாமாதம் கொடுக்கும் வாடகையும் இந்தியாவில் உள்ள ஒரு வங்கிக் கணக்கில்தான் விழுந்துகொண்டிருக்கும். அவருக்கு இருக்கும் தூரத்தின் வசதி அவர் போனை எடுக்காமல் இருக்கும்வரைதான்.

முதலில் எந்தச் சட்டம் என்று பார்ப்போம், ஏனென்றால் இதில் நம்மவர்கள் நிறையக் குழம்புகிறார்கள். சென்னையில் வாடகைக்கு இருந்தவர்கள் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கியதே தவறு என்பார்கள். அந்தச் சட்டம் ஒசூரைத் தாண்டாது. வேறு சிலர், இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது என்பார்கள். அது 2021-இல் வந்த மாதிரி வாடகைச் சட்டம். மாநிலங்கள் தங்கள் சட்டமாக எடுத்துக்கொள்வதற்கான மாதிரிதான் அது, அதை நேரடியாகக் காட்டி வழக்குப் போட முடியாது. கர்நாடகத்துக்கென்று 1999 வாடகைச் சட்டம் இருக்கிறது, ஆனால் பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீடுகளுக்கு அது பொருந்தாது. ஆகவே உங்கள் விவகாரத்தைத் தீர்மானிப்பவை மூன்று: நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டம். பழைய சட்டங்கள்தான், ஆனால் உங்களுக்கு வேண்டியது அவற்றிலேயே இருக்கிறது.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவில், வீட்டை எந்த நிலையில் எடுத்தாரோ அதே நல்ல நிலையில் குடியிருந்தவர் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆனால் நியாயமான தேய்மானத்துக்கு அவர் பொறுப்பில்லை என்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை இதுதான் அளவுகோல். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இன்னொரு தூண். ஒப்பந்தத்தில் இவ்வளவு பிடித்தம் என்று தொகை எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே என்கிறது அது. இழப்பே இல்லாத இடத்தில் இந்தப் பிரிவைக் காட்டிப் பணம் பிடிக்க முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் கைலாஷ் நாத் வழக்கில் சொல்லியிருக்கிறது. டில்லி வளர்ச்சி ஆணையத்தின் நில ஏலம் ஒன்றில் முன்பணத்தைப் பறிமுதல் செய்தது பற்றிய வழக்கு அது, ஆனால் அந்தக் கொள்கை நமக்கும் உதவும்.

சரி, கழித்த நான்கு தொகைகளுக்கு வருவோம். பெயின்டிங் பற்றி உங்களுக்குப் பிடிக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்குப் பிடிப்பது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. உங்கள் ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உண்மையிலேயே பெயின்ட் அடித்திருந்தால் இந்த 38,000-த்தை மீட்பது கஷ்டம். அடிக்கவே இல்லை என்றால், அல்லது 20,000-த்துக்கு அடித்துவிட்டு 38,000 பிடித்திருந்தால், 74-ஆம் பிரிவை வைத்து வாதாடலாம். வெல்லும் என்று உறுதி சொல்ல மாட்டேன். இவ்வளவு சிறிய தொகைக்கு எந்த நீதிபதியும் அந்த வாதத்தில் நீண்ட நேரம் செலவிட விரும்ப மாட்டார். பில் கேளுங்கள், ஆனால் சமரசத்தில் விட்டுக்கொடுப்பதற்கென்று ஒரு தொகையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு காலியாகக் கிடந்ததற்கு 25,000 என்பது நேர் எதிர். ஒப்பந்தம் கேட்ட நோட்டீஸைக் கொடுத்து, அந்த மாத வாடகையையும் கட்டி, சாவியையும் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதற்குப் பிறகு வீட்டில் ஆள் வருவதும் வராததும் அவருடைய பாடு. ஒப்பந்தத்தில் இரண்டு மாத நோட்டீஸ் என்றோ, இத்தனை மாதத்துக்கு முன் காலி செய்யக்கூடாது என்றோ எழுதியிருந்தால் கதை மாறும். அந்தப் பக்கத்தை நான் பார்க்கவில்லை, நீங்கள் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் இதில் ஒரு ரூபாய்கூட விட வேண்டாம்.

கிச்சன் விஷயம்தான் சிக்கலானது, தொகையும் பெரியது. சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரியின் பலகை உப்பிவிட்டது, கதவுகள் இறங்கிவிட்டன, ஆகவே கீழ்ப்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட வழக்குகளில் நான் கேட்கும் முதல் கேள்வி, கிச்சன் எந்த வருடம் போட்டது? நீங்கள் குடிவரும்போதே அது நான்கு வருடம் பழையது, உங்களுக்கு முன் இன்னொரு குடும்பம் புழங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்று அதற்கு ஏழரை வயது. கீல் தளர்வது, லேமினேட்டின் ஓரம் பெயர்வது, டிராயர் இழுபடுவது எல்லாம் சமைக்கிற வீட்டில் வரத்தான் செய்யும், அவை தேய்மானம். கிரானைட் மேடை உடைந்திருந்தால், சூடான பாத்திரம் வைத்துக் கதவு கருகியிருந்தால், டைலில் நீங்கள் துளை போட்டிருந்தால் அது சேதம், பொறுப்பு உங்களுடையது.

பலகை உப்பியது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சிங்க் குழாய் கசிந்தபோது அதை ஓனரிடமோ மாமனாரிடமோ எழுத்தில் சொன்னீர்களா? ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். "அங்கிள், சிங்க்குக்குக் கீழே தண்ணி ஒழுகுது, பிளம்பர் அனுப்புங்க" என்று ஒரு வரி கிடைத்தால் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் அவர்கள் பக்கம் போய்விடும். எதுவும் சொல்லாமல் ஒரு வருடம் கீழே வாளி வைத்துச் சமாளித்திருந்தால், அந்தப் பலகையின் ரிப்பேர் செலவில் ஒரு பங்கை ஒப்புக்கொள்வதே நேர்மை. எப்படியானாலும் ஏழரை வருடம் பழைய கிச்சனுக்குப் பதிலாகப் புதுக் கிச்சன் உங்கள் செலவில் வரக்கூடாது. அவர் உங்களுக்கு அனுப்பியது ஒரு கொட்டேஷன் மட்டும்தான், செலவு செய்ததற்கான பில் இல்லை. வேலை நடந்ததா, எவ்வளவுக்கு நடந்தது, புகைப்படம் எங்கே என்று கேளுங்கள். புதுக் குடித்தனம் அதே கிச்சனோடு உள்ளே வந்திருந்தால் 65,000 என்ற பேச்சே நிற்காது.

டீப் கிளீனிங்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் நியாயமான தொகை, பில்லோடு. எழுதவில்லை, நீங்களும் பெருக்கித் துடைத்துத்தான் கொடுத்தீர்கள் என்றால், எண்ணெய்ப் பிசுக்குக்கும் பாத்ரூம் கறைக்குமாக ஐந்தாறாயிரம் ஒப்புக்கொண்டு போய்விடுங்கள்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய பலம் எது என்று நீங்கள் கவனிக்கவே இல்லை. 88,000 தருகிறேன் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அது எழுத்தில் உள்ள ஒப்புதல். சிவில் நடைமுறைச் சட்டத்தில் பன்னிரண்டாம் ஆணையின் ஆறாம் விதி என்று ஒன்று உண்டு. எதிராளி ஒப்புக்கொண்ட தொகைக்கு, மீதி வழக்கு முடியும்வரை காத்திருக்காமலே தீர்ப்புக் கேட்கலாம். அதோடு, பாக்கி இருப்பதைக் காலக்கெடுவுக்குள் கையெழுத்தோடு எழுத்தில் ஒப்புக்கொண்டால் வழக்குப் போடுவதற்கான காலவரம்பு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். வாட்ஸ்அப் செய்தியைக் கையெழுத்திட்ட ஒப்புதலாக ஏற்பதா என்பதில் வாதம் வரும் என்பதால் இந்த இரண்டாவது பலனை நம்பி உட்கார வேண்டாம். முதல் பலன் நல்ல பலன்.

ஆகவே அடுத்த செய்தியில் மொத்தத்தையும் சேர்த்துச் சண்டை போடாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "சார், நீங்கள் அனுப்பிய கணக்கின்படியே எனக்கு 88,000 ரூபாய் வரவேண்டும். அதில் நம் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதைப் பத்து நாட்களுக்குள் என் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். மற்ற 1,40,000 பற்றிப் பில்களையும் புகைப்படங்களையும் பார்த்துத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். 88,000-த்தை வாங்கிக்கொள்வதால் மீதியை நான் விட்டுக்கொடுத்ததாக ஆகாது." கடைசி வரியை விடாதீர்கள். இதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். "முழு செட்டில்மென்ட்" என்று எழுதி அவர் பணம் அனுப்பினால், இது பகுதித் தொகைதான் என்று அன்றைக்கே பதில் போடுங்கள்.

அவர் பக்கத்தையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து, மாமனார் அனுப்பிய நான்கு மங்கலான படங்களை வைத்துத்தான் அவர் வீட்டின் நிலையை முடிவு செய்திருப்பார். வெளிநாட்டு ஓனர்கள் பலர் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். நீங்கள் காலி செய்த நாளில் எடுத்த வீடியோ இருந்தால் அனுப்புங்கள். பல விவகாரங்கள் அந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுகின்றன. எல்லாமே ஏமாற்று என்று எடுத்துக்கொண்டு கடுமையாக எழுதினால் அவர் உங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டுத் தூங்கிவிடுவார்.

ஒரு சாக்கை மட்டும் ஏற்க வேண்டாம். "இங்கிருந்து ரூபாயாக அனுப்ப வங்கி விடுவதில்லை, அடுத்த முறை ஊருக்கு வரும்போது தருகிறேன்" என்பார்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கு இங்கே வரும் வாடகை பொதுவாக என்.ஆர்.ஓ. கணக்கில்தான் சேரும், அதாவது இந்திய வருமானத்துக்காக அவர் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கில். அந்தக் கணக்கிலிருந்து இந்தியாவுக்குள் ரூபாயில் பணம் கொடுக்கத் தடை எதுவும் இல்லை. அபார்ட்மென்ட் பராமரிப்புக் கட்டணமும் சொத்து வரியும் அதிலிருந்துதானே போகின்றன, உங்கள் அட்வான்ஸும் போகும்.

மாமனார் விஷயத்தில் கவனமாக இருங்கள். சாவி வாங்கினார் என்பதாலேயே அவர் கடன்காரர் ஆகிவிட மாட்டார். மருமகனுக்காக அவர் பவர் ஆஃப் அட்டர்னி வைத்திருந்தால், அதை வைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், நோட்டீஸை அவர் வழியாகவும் அனுப்பலாம். அட்வான்ஸில் ஒரு பகுதியைப் பணமாக அவர் கையில் கொடுத்திருந்தால் அதுவும் முக்கியம். எப்படியிருந்தாலும் வயதானவர், அவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடாதீர்கள். "அங்கிள், உங்களைத் தொந்தரவு செய்ய எனக்கு விருப்பமில்லை, சாவி வாங்கிய தேதியையும் வீட்டின் நிலையையும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். குடும்பத்துக்குள் பேசி முடித்துவைப்பவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

இதற்கிடையில் சான்றுகளைச் சேர்த்துவிடுங்கள். அட்வான்ஸ் போன நாளின் வங்கி ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம், பெஸ்காமின் கடைசி மின்சாரப் பில்லும் மீட்டர் படமும், பராமரிப்புக் கட்டணம் பாக்கியில்லை என்று அபார்ட்மென்ட் சங்கம் தந்த கடிதம், சாமான் வெளியே போன அன்று கேட் ஆப்பில் பதிவான அனுமதி. இந்தக் கடைசிச் சான்று பலருக்கு நினைவுக்கே வராது, ஆனால் காலி செய்த தேதியை அதுபோல் உறுதியாகச் சொல்வது வேறில்லை. வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். உங்களுக்குச் சாதகமான நான்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. நீதிமன்றத்தில் அதைக் கொடுக்க பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும், அதனால் அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். ஒப்பந்தம் குறைந்த மதிப்புள்ள முத்திரைத்தாளில் போட்டது என்று கவலைப்பட்டிருந்தீர்கள். கர்நாடக முத்திரைச் சட்டப்படி அது தடைதான், ஆனால் குறைவான தொகையையும் அபராதத்தையும் கட்டிச் சரிசெய்யலாம். பணம் வங்கி வழியாகப் போயிருப்பதால் அட்வான்ஸ் கொடுத்ததையே அவர் மறுக்க முடியாது.

மின்னஞ்சலுக்கும் பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். அவருடைய நியூஜெர்சி முகவரிக்கு வெளிநாட்டுத் தபாலில், மின்னஞ்சலில், ஒப்பந்தத்தில் உள்ள இந்திய முகவரிக்கு, மாமனாருக்குப் பவர் இருந்தால் அவருக்கும், எல்லாம் ஒரே நாளில் போகட்டும். நோட்டீஸில் இரண்டு விஷயங்கள் கட்டாயம் வேண்டும். தொகையைப் பிரித்துக் காட்டும் கணக்கு ஒன்று. நோட்டீஸ் தேதியிலிருந்து வட்டி கேட்கப்போகிறீர்கள் என்ற வரி இன்னொன்று. 1978 வட்டிச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வட்டி பற்றி எதுவும் இல்லாவிட்டாலும், எழுத்தில் கேட்ட நாளிலிருந்து வட்டி கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த வரி இல்லாத நோட்டீஸ்களை நிறையப் பார்க்கிறேன். ஓனர் பெயரும் சரியாக இருக்க வேண்டும். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கிறதா என்று கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்துவிடுங்கள். வீட்டை அவர் விற்றுக்கொண்டிருந்தால் அதிலும் ஒரு துப்புக் கிடைக்கலாம்.

செய்யக்கூடாதவை சில. போலீஸ் ஸ்டேஷனில் மோசடிப் புகார் கொடுக்கச் சொல்லி உங்களுக்கு நண்பர்கள் அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடி. மூன்றரை வருடம் ஒழுங்காகக் குடிவைத்துவிட்டுக் கடைசிக் கணக்கில் தகராறு செய்வது சிவில் விவகாரம். சிவில் தகராறைக் கிரிமினலாக மாற்றாதீர்கள் என்று உச்ச நீதிமன்றமே திரும்பத் திரும்பக் கண்டித்திருக்கிறது.

அடுத்தது வருமான வரி. "நீ என்.ஆர்.ஐ., வாடகை வருமானத்தை மறைக்கிறாய், வரித்துறைக்கு எழுதுகிறேன்" என்று மிரட்டச் சொல்லும் யோசனை இன்னும் ஆபத்தானது. வெளிநாட்டில் வாழும் ஓனருக்கு வாடகை கொடுப்பவர், வருமான வரிச் சட்டப்படி, 30 விழுக்காடும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்டிவிட்டு மீதியைத்தான் ஓனருக்குத் தர வேண்டும். இந்தியாவில் வாழும் ஓனருக்கு மாதம் 50,000-த்துக்கு மேல் வாடகை கொடுத்தால்தான் தனிநபர் பிடித்தம் செய்ய வேண்டும் என்ற வரம்பு இங்கே கிடையாது. 38,000 முழுவதையும் அவருக்கே அனுப்பிவந்திருந்தால், பிடிக்காத வரிக்குத் துறை முதலில் கேட்கப்போவது உங்களைத்தான். அவர் தன் ரிட்டர்னில் அந்த வாடகையைக் காட்டி வரி கட்டியிருந்தால் உங்கள் சுமை பெரிதும் குறையும், ஆனால் அதற்கு அவருடைய ஒத்துழைப்பு வேண்டும். இந்தப் பகுதியை ஓர் ஆடிட்டரிடம் காட்டிவிட்டு நோட்டீஸ் அனுப்புங்கள். வரி நுணுக்கங்களில் என்னைவிட அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கும் வீட்டின் ஓனரும் வெளிநாட்டில் இருந்தால் இன்றைக்கே கவனியுங்கள்.

நோட்டீஸுக்குப் பிறகு பெரும்பாலானவர்கள் பேச வருகிறார்கள். அப்போது எச். சித்தய்யா சாலையில் உள்ள நியாய தேகுலாவை நினைவில் வையுங்கள். சட்டப்பணிகள் ஆணையம் அங்கே இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்பே மனு கொடுத்து, இரு தரப்பும் இசைந்தால் லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாம். அங்கே கோர்ட் கட்டணம் இல்லை. அதன் முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. ஓனர் வர மறுத்தால் மட்டும் இந்த வழி அடைபடும். அவரை இழுத்துவர அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

கடைசி வழி வழக்கு. பெங்களூரு சிவில் நீதிமன்றத்தில் போடலாம் என்பதில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் வழக்குக்கான காரணம் எழுந்தது இங்கே. எவ்வளவு காலம் ஆகும் என்பதில்தான் உறுதி சொல்ல முடியாது. சம்மன் வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்வதிலேயே மாதங்கள் ஓடும். தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்ப நீதிமன்றம் அனுமதிக்கலாம், அல்லது இந்தியா சேர்ந்திருக்கும் ஹேக் சம்மன் ஒப்பந்தத்தின் வழியே போகச் சொல்லலாம். எழுத்து ஒப்பந்தத்தில் தொகை தெளிவாக இருப்பதால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் முப்பத்தேழாம் ஆணையின் கீழ் சுருக்க வழக்காக, அதாவது எதிர்வாதம் செய்யவே எதிராளி முதலில் அனுமதி வாங்க வேண்டிய விரைவு வழக்காகப் போடலாம் என்று சில வக்கீல்கள் சொல்வார்கள். 88,000 வரை அது நல்ல யோசனை. கிச்சன் தகராறு உள்ளே வந்ததும் எதிர்வாதம் செய்ய அவருக்கு அனுமதி கிடைத்துவிடும் என்பது என் கணிப்பு.

தீர்ப்பு கிடைத்தால் அதை எங்கே நிறைவேற்றுவது என்பதுதான் உங்கள் பயத்தின் மையம். நியூஜெர்சியில் நிறைவேற்ற அங்குள்ள நீதிமன்றத்தில் தனியாக நடவடிக்கை எடுக்க வேண்டும், இந்தத் தொகைக்கு அது கட்டுப்படியாகாது. அதற்குத் தேவையும் இல்லை. அவருக்குச் சேரவேண்டிய வாடகையை நீதிமன்றத்தில் கட்டு என்று இப்போதைய குடித்தனக்காரருக்கு உத்தரவு வாங்க அதே சட்டத்தின் இருபத்தொன்றாம் ஆணையில் வழி இருக்கிறது. என்.ஆர்.ஓ. கணக்கை முடக்கலாம், கடைசியில் வீட்டையே ஜப்தி செய்யலாம். இந்தத் தொகைக்காக வீட்டின் மேல் ஜப்தி உத்தரவு விழுவதை எந்த ஓனரும் விரும்ப மாட்டார். அவர் வீட்டை விற்கப்போகிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கலாம், ஆனால் உங்களை ஏமாற்றவே விற்கிறார் என்று காட்ட வேண்டியிருக்கும். அது எளிதில் கிடைப்பதில்லை.

இவ்வளவையும் வைத்து என் கணிப்பைக் கேட்டால்: பெயின்டிங் 38,000-த்தை விட்டுவிடுங்கள், கிளீனிங்குக்கு 6,000, சிங்க்குக்குக் கீழே உள்ள பலகைக்கு 14,000 வரை ஒப்புக்கொள்ளுங்கள். மீதி 1,70,000 வந்தால் எழுதி வாங்கி முடித்துக்கொள்வேன். 1,50,000-த்துக்குக் கீழே போனால் நோட்டீஸைத் தாண்டிப் போவது பயனுள்ளது என்று நினைக்கிறேன். ஆறு மாத வாடகை என்பது ஒரு குடும்பம் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணம். பெல்லந்தூரிலும் வைட்ஃபீல்டிலும் எத்தனையோ பேர் அந்த இடைவெளியை அடைக்கக் கடன் வாங்கியிருக்கிறார்கள். தூரத்தைக் காரணம் காட்டி அதை யாரும் வைத்துக்கொள்ள விடக்கூடாது என்பதால்தான் இவ்வளவு எழுதினேன்.

காலவரம்பு மூன்று வருடம். ஓனர் இந்தியாவில் இல்லாத நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று 1963 காலவரம்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் அவர் எப்போது வந்தார், எப்போது போனார் என்பதை நிரூபிக்கும் சிரமம் உங்கள் தலையில் விழும். அதனால் சாவி கொடுத்த தேதியிலிருந்தே மூன்று வருடத்தை எண்ணுங்கள். நான்கு மாதம் போய்விட்டது. 88,000 பற்றிய செய்தியை இந்த வாரமே அனுப்புங்கள், ஒரு மாதத்தில் பணம் வராவிட்டால் நோட்டீஸ் போகட்டும்.